கைப்பழக்கமே போதும் என்பார்க்கு ஒரு மறுப்பு

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவிலை நோக்கிச் செல்லும் பெருவீதியில், திருக்கோவிலைக் கடந்து கோமாரிக்கு வந்து சேரும்வரை, வீதியோரத்து வெல்டிங் கடைகளில் எதன் வாசலில் நின்று விசாரித்தாலும், கடைக்காரரும், வேலை கொண்டு வந்தவரும், பக்கத்தில் நின்று வேடிக்கை பார்ப்பவரும் ஒருமுகமாகச் சொல்லும் அபிப்பிராயம் ஒன்று உண்டு: பாஸின் கை நல்லதாயிருந்தால் எந்தச் சாமானும் ஒட்டும், கை நல்லதாயில்லாவிட்டால் எந்த மெசினும் பலிக்காது. கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் நிந்தவூரிலும் இதே வாக்கு வேறு வேறு சொற்களில் வழங்குகிறது. ஒட்டிய இடம் நிலைத்தால் கைராசி என்கிறார்கள். விட்டுப்போனால் கைக்குறை என்கிறார்கள். உடைந்த சாமான் எந்த உலோகத்தால் ஆனது, அதற்கு எடுத்த குச்சி எத்தகையது, சூடு ஏறிய விதம் யாது, ஆறிய விதம் யாது என்ற விசாரணை அந்த இரண்டு சொற்களுக்கும் நடுவே எங்கும் நுழைவதில்லை.

இந்த அபிப்பிராயம் பிழையானது என்பதே என் கட்சி. கைப்பழக்கம் வேண்டாம் என்று நான் வாதிக்க வரவில்லை; தடுமாறும் கையில் எந்த முறையும் உருப்படாது என்பது யாவரும் அறிந்தது. நான் மறுப்பது வரிசையை. எந்த முறையால் இணைப்பது என்பதை உலோகத்தின் சுபாவமே நிர்ணயிக்கிறது. அந்த நிர்ணயம் முடிந்த பிறகுதான் கையின் சாமர்த்தியத்துக்கு வேலை வருகிறது. முறை தவறாயிருக்குமிடத்தில் கை எவ்வளவு தேர்ந்ததோ அவ்வளவு அழகாகத் தவறு செய்யும்.

இத்தகைய பிழையான கொள்கை இவ்வளவு காலம் எப்படி நிலைத்தது என்று கேட்டால், அதற்கும் காரணம் சொல்லக்கூடும். நமது பிரதேசத்துக் கடைகளில் நடக்கும் வேலையில் பெரும்பகுதி கேற்றும், யன்னல் கம்பியும், கூரைச் சட்டமும், உழவு மெசின் பெட்டியின் பலகைச் சட்டமும் ஆகும். இவை யாவும் மெல்லுருக்கு. காபன் கால் சதவீதத்துக்கும் குறைவாகவே கலந்த மெல்லுருக்கைப்போலப் பொறுமையான உலோகம் உலகத்தில் வேறில்லை. அது விரைவாகச் சூடேறினாலும் சகிக்கும், விரைவாக ஆறினாலும் சகிக்கும், துருவோடும் பெயின்றோடும் வைத்து ஒட்டினாலும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். சாதாரண 6013 குச்சியும் ஒரு சிறிய இன்வேர்ட்டர் மெசினும் இருந்தால், ஆறு மாதம் பழகிய பையன்கூட அதனைப் பார்வைக்குத் திருப்தியாக இணைத்துவிடுவான். பொறுமையான ஓர் உலோகத்திடம் பெற்ற அநுபவத்தைச் சகல உலோகங்களுக்கும் விதியாக்கியதே இங்கு நிகழ்ந்த பிழை.

விதி எங்கே முறிகிறது என்பதைக் காண அறுவடைக் காலத்தில் ஏதாவதொரு கடைக்குப் போனால் போதும். நெல் மூட்டை ஏற்றிய பெட்டியின் வில்தகடு முறிந்து வருகிறது. வில்தகட்டு உருக்கில் காபன் அரை சதவீதத்துக்கு மேலே, 0.6 வரையும் இருக்கும். பாஸ் இரண்டு துண்டையும் பொருத்தி, மெல்லுருக்குக்கு எடுத்த அதே குச்சியை எடுத்து, பார்த்தவர் மெச்சும்படி வரிவரியாக ஒட்டிக் கொடுக்கிறார். மறுவாரம் அது மறுபடி முறிந்து வருகிறது. வந்ததைக் கையிலெடுத்துப் பார்த்த பாஸ், ‘பாருங்கள், நான் ஒட்டிய இடம் அப்படியே இருக்கிறது, அதற்குப் பக்கத்தில்தான் உடைந்திருக்கிறது’ என்று தம் கையை மெச்சிக்கொள்கிறார். வாடிக்கையாளரும் அதை ஒப்புக்கொண்டு இரண்டாம் முறையும் காசு கொடுக்கிறார். உண்மையில் அந்தப் பக்கத்து முறிவே குற்றத்துக்குச் சாட்சி. ஒட்டும்போது உருகும் மட்டத்துக்குச் சூடேறிய விளிம்பை, அதனைச் சூழ்ந்திருக்கும் குளிர்ந்த தகடு நொடிப்பொழுதில் சூடு உறிஞ்சி ஆற்றிவிடுகிறது. காபன் மிகுந்த உருக்கு அவ்வாறு திடீரென்று ஆறினால், தண்ணீரில் தோய்த்த உளியைப்போல் கடினமாகி, கண்ணாடிக்குரிய நொறுங்கும் குணத்தை அடைகிறது. ஒட்டின் ஓரமாக ஓடும் அந்த மெல்லிய பட்டை கண்ணுக்குத் தெரியாது. தெரியாத பட்டையைத் தீர்க்கக் கைப்பழக்கத்தால் ஆவது என்ன? குச்சியை இன்னும் நேராகப் பிடிப்பதாலோ, வரியை இன்னும் சீராக இழுப்பதாலோ உருக்கிலுள்ள காபன் குறைந்துவிடாது. ஒட்டுவதற்கு முன்னே தகட்டைச் சூடாக்கி, ஐதரசன் குறைந்த 7018 வகைக் குச்சியை உலர்த்தி எடுத்து, பின்பு மெல்ல ஆறவிட்டால் விரிசல் குறையும். ஆயினும் அவ்வாறு சூடேற்றிய வில்தகடு தன் வில்தன்மையை இழந்துபோகும். ஆகவே வில்தகட்டுக்குரிய சரியான முறை அதனை ஒட்டாமல், புதுத்தகடு போடுவதே. அதனைச் சொல்லும் கடைக்காரருக்குக் கைவராதவர் என்ற பெயர் கிடைக்கிறது!

ஐதரசன் என்ற சொல் வந்தமையால் இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாரிகாலத்தில் நமது கரையோரத்துக் காற்று நீரால் கனத்திருக்கிறது. திறந்த பெட்டியில் கிடக்கும் குச்சியின் பூச்சு அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஒட்டும்போது ஈரம் பிரிந்து ஐதரசனாகி உருகிய உருக்குக்குள் புகுகிறது. கடின உருக்கில் அது இரண்டு மூன்று நாள் கழித்தும் விரிசலாக வெளிப்படக்கூடும். அதனால் 7018 குச்சியை 300 முதல் 350 பாகை செல்சியஸ் வரையிலான சூட்டில் உலர்த்தவேண்டும் என்பது விதி. அதற்காக எல்லாக் குச்சியையும் அடுப்பில் வைக்கவேண்டும் என்று ஒருவர் புறப்பட்டால் அதுவும் பிழையே: செலுலோசுப் பூச்சுடைய 6010 குச்சிக்கு ஓரளவு ஈரம் இருந்தேயாகவேண்டும், சுட்டு உலர்த்தினால் அது கெட்டுப்போம். உலர்த்துவதைப் போன்ற ஒரு சிறு காரியத்திலேயே பொதுவிதி செல்லுபடியாகாதபோது, முழுத்தொழிலுக்கும் கைராசி என்ற ஒரே விதியைப் போடுவது எவ்வாறு பொருந்தும்?

வார்ப்பிரும்பின் கதை இன்னும் விசித்திரமானது. சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலைகளில் முறிந்து வரும் கப்பிச் சக்கரமும், பழைய தண்ணீர்ப் பம்பின் உடலும் வார்ப்பிரும்பாயிருக்கும். அதில் காபன் இரண்டு முதல் நாலு சதவீதம். அந்தக் காபன் மெல்லிய காரீயத் தகடுகளாக உள்ளே விரவிக் கிடப்பதால், அது இழுபடாது, நெளியாது, முறிய மட்டுமே அறியும். சாதாரண உருக்குக் குச்சியை அதன்மேல் பிரயோகித்தால், உருகிய உருக்கு வார்ப்பிலிருந்து காபனைக் குடித்து அரம்போல் கடினமாகிறது. ஆறிச் சுருங்கும்போது தன்னோடு ஒட்டிய விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வருகிறது. இதற்கு ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, முழு வார்ப்பையும் கொதிக்கச் சூடாக்கி, ஒட்டி முடித்தபின் மணலிலோ சாம்பலிலோ புதைத்து, ஒரு நாள் முழுவதும் மெல்ல ஆறவிடுவது. மற்றது, வார்ப்பு எந்த வேளையிலும் கைபொறுக்கும் சூட்டை மீறாதபடி, நிக்கல் குச்சியால் அங்குலம் அங்குலமாக ஒட்டி, ஒவ்வொரு துண்டையும் சூடாக இருக்கும்போதே சிறு சுத்தியலால் தட்டி, ஆறியபிறகு அடுத்த துண்டைத் தொடுவது. முழுக்கச் சூடு அல்லது முழுக்கக் குளிர்ச்சி, நடுவழியே ஆபத்து. நமது கடைகளில் நடப்பதோ பெரும்பாலும் அந்த நடுவழிதான். இதில் எனக்கு வியப்பாயிருப்பது, மெல்ல ஆற்றுவதற்கு மிக உத்தமமான உமிச்சாம்பல் எந்த ஆலையின் கொல்லைப்புறத்திலும் மலையாகக் குவிந்து கிடக்கிறது என்பது. சக்கரத்தை ஒட்டக் கொண்டு வருபவரே ஒரு சாக்குச் சாம்பலையும் சேர்த்துக் கொண்டு வரலாம். மூன்றாவதாக, வார்ப்பை உருக்காமலே, காஸ் சுவாலையால் ஏறத்தாழ 900 பாகைக்குச் சூடாக்கி வெண்கலக் குச்சியை ஓடவிடும் பழைய முறையும் இருக்கிறது. அடுப்புச் சூட்டில் வேகாத சாமானுக்கு அதுவே போதுமானது, சிலவேளை அதுவே சிறந்ததும் ஆகும்.

கையைக் குற்றஞ்சாட்டும் பழக்கம் கோமாரிக்கு மாத்திரம் உரியதென்று யாரும் நினைக்கவேண்டியதில்லை. இரண்டாம் உலக யுத்தத்தின்போது அமெரிக்காவில் ஆணி அறைந்து பொருத்தாமல் வெல்டிங்கினாலேயே கப்பல்களை வெகு விரைவாகக் கட்டினார்கள். லிபர்ட்டிக் கப்பல்கள் மட்டும் 2,700க்கு மேற்பட்டவை. அதே முறையில் கட்டிய ஸ்கெனெக்ற்றடி என்ற எண்ணெய்க் கப்பல், 1943 ஜனவரி 16ஆந் தேதி, ஓரிகன் மாகாணத்துப் போர்ட்லாந்தில், அலையற்ற நீரில், துறையில் கட்டியிருந்த நிலையில், குளிர் மிகுந்த ஓர் இரவில் பெருஞ்சத்தத்தோடு நடுவில் பிளந்தது. அவசரமாகச் சேர்த்த புதுத் தொழிலாளரின் கைக்குறை என்று உடனே பேசினார்கள். ஒட்டுக்களில் குறை இருந்தது வாஸ்தவம். ஆனால், கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் கொன்ஸ்ரன்ஸ் ரிப்பர் என்ற பெண்மணி செய்த ஆராய்ச்சி, குளிரில் அந்த உருக்கே நொறுங்கும் குணத்தை அடைந்தது என்பதைப் பிரத்தியட்சமாகக் காட்டிற்று. ஆணி அறைந்த கப்பலில் ஒரு தகட்டில் தோன்றும் வெடிப்பு அந்தத் தகட்டின் ஓரத்தோடு நின்றுவிடும். வெல்டிங்கினால் கப்பல் முழுவதும் ஒரே உடலாகிவிட்டமையால், வெடிப்பு தடையின்றி ஓடிற்று. தொழிலாளரை மாத்திரம் தண்டித்து அந்த உருக்கையே தொடர்ந்து எடுத்திருந்தால் கப்பல்கள் பின்னும் பிளந்துகொண்டேயிருந்திருக்கும்.

இதுகாறும் பழைய கட்சிக்கு மறுமொழி சொன்னேன். அண்மைக் காலத்தில் வேறொரு கட்சி கிளம்பியிருக்கிறது. மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பிய இளைஞர் சிலர், குச்சி வெல்டிங் பழங்காலத்தது, ஆகன் வெல்டிங்கே உயர்ந்தது, ஆகன் மெசின் ஒன்று இருந்தால் எல்லா உலோகமும் அதற்கு அடங்கும் என்கிறார்கள். கையை வணங்கியவர் போய் மெசினை வணங்குபவர் வந்திருக்கிறார். உலோகத்தைக் கேட்பவர் இன்னும் வரவில்லை.

இவர்கள் அலுமினியத்தோடு பழகிப் பார்க்கட்டும். ஆற்றுவாயின் மணல்திட்டில் தட்டி உடைந்த படகு எஞ்சினின் அடிப்பாகம் கடைக்கு வருகிறது. அலுமினியம் 660 பாகையில் உருகும்; அதன்மேல் காற்றுப் பட்டவுடன் படரும் ஒட்சைட்டுத் தோலோ 2,000 பாகையைத் தாண்டியும் உருகாது. உள்ளே உலோகம் நீராய்விட்ட பின்னும் மேலே தோல் பை போல நின்று, இரண்டு விளிம்பும் சேர்வதைத் தடுக்கும். சிவந்து எச்சரிக்கும் குணம் அலுமினியத்துக்கு இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே திடீரென்று விழுந்துவிடும். அந்தத் தோலை உடைப்பதற்கு ஆடலோட்டம் வேண்டும். ஓட்டம் திசைமாறும் ஒரு பாதியில் தோல் சிதறும், மறுபாதியில் உலோகம் உருகும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சிறிய ஆகன் மெசின்களோ பெரும்பாலும் நேரோட்டம் மாத்திரம் தருபவை. உருக்குக்கும் கறையில் உருக்குக்கும் அவை போதும். அலுமினியத்துக்கு முன் அவற்றால் பயனில்லை. சரியான மெசின் இருந்தாலும், உடைந்த வார்ப்பின் நுண்துளைகளில் எண்ணெயும் உப்பும் ஊறிக் கிடக்கும்; அவற்றைக் கழுவிச் சூடாக்கி வெளியேற்றாமல் ஒட்டினால் ஒட்டு முழுவதும் தேன்கூடாகும். கம்பியும் அறிந்து எடுக்கவேண்டும்: சிலிக்கன் கலந்த வார்ப்புக்கு 4043, மக்னீசியம் கலந்த தகட்டுக்கு 5356.

ஆகன் முறை பிறந்த வரலாற்றையே இவர்கள் அறிந்தால் தங்கள் கொள்கையைக் கைவிடுவார்கள் என்று நம்புகிறேன். 1940களின் தொடக்கத்தில், நோர்த்ரொப் விமானக் கம்பனியில் ரசல் மெரடித் என்பவர் ரங்ஸ்ரன் முனையையும் ஈலியம் வாயுவையும் கொண்டு இம்முறையின் முதல் வடிவத்தை உருவாக்கியது, மக்னீசியம் என்ற உலோகம் அதுவரை இருந்த எந்த முறைக்கும் இணங்காமல் நின்றமையால். கம்பி தானே ஓடிவரும் மிக் முறை 1948இல் தோன்றியபோதும் முதலில் அதன் இலக்கு அலுமினியமே. பின்பு உருக்குக்கு மலிவான காபனீரொட்சைட்டு வாயுவைப் பிரயோகிக்கலாம் என்று 1950களில் கண்ட பிறகே அது சாதாரணப் பட்டறைகளுக்கு வந்தது. ஓர் உலோகம் மறுத்ததால் ஒரு முறை பிறந்தது. அப்படிப் பிறந்ததை உயர்சாதி என்றும், குச்சியைத் தாழ்சாதி என்றும் வகுப்பது அறியாமை. கடற்காற்று அடிக்கும் வெளியில் நின்று கூரைச் சட்டம் ஒட்டுபவருக்கு, ஆகன் வாயுவைக் காற்று அள்ளிக்கொண்டு போகும். அவ்விடத்தில் தன் பூச்சாலேயே தன்னைக் காத்துக்கொள்ளும் பழைய குச்சியே ராஜா.

கறையில் உருக்குப் பற்றி நிலவும் மயக்கம் வேறு. மாடிப்படிக் கைப்பிடியும் பள்ளிவாசல் முகப்புத் தடுப்பும் இப்பொழுது இந்த உலோகத்திலேயே செய்யப்படுகின்றன. சில ஆண்டுகளுள் ஒட்டிய இடமெல்லாம் செம்பழுப்பு நீர் வழிகிறது. விற்றவர் காந்தத்தை வைத்துக் காட்டி, ‘காந்தம் பிடிக்கவில்லை, ஆகவே அசல்’ என்று சத்தியம் செய்திருப்பார். நிக்கலைக் குறைத்து மங்கனீசைக் கூட்டிச் செய்த 201, 202 வகைகளையும் காந்தம் பிடிக்காது என்பதை அவரும் அறியார், வாங்கியவரும் அறியார். குரோமியம் 18, நிக்கல் 8 என்ற கணக்கிலுள்ள 304 வகைகூடக் கடலுக்கு அருகே கறைபடும்; மொலிப்தினம் கலந்த 316 வகையே இக்கரைக்கு ஏற்றது. அதன்பின் ஒட்டும் விவகாரம் வருகிறது. 450 முதல் 850 பாகை வரையுள்ள சூட்டில் நெடுநேரம் நின்றால், அந்த உருக்கிலுள்ள காபன் குரோமியத்தைப் பிடித்துக்கொள்ளும். காவல் காக்கவேண்டிய குரோமியம் குறைந்த இடத்தில் துரு புகும். ஆகையால் காபன் 0.03 சதவீதத்துக்குக் குறைந்த தகட்டையும், 308எல், 316எல் போன்ற கம்பியையும் எடுத்து, சூடு தங்காமல் விரைவாக ஒட்டவேண்டும். வில்தகட்டுக்கும் வார்ப்புக்கும் மெல்ல ஆறுவது நன்மை, இதற்கோ அதுவே தீமை என்பதைக் கவனிக்குக. ஒட்டின் ஓரத்தில் நீலமும் பொன்னுமாக விரியும் வானவில் நிறத்தைத் தம் கைத்திறனுக்கு அத்தாட்சியாகப் படம் பிடித்து வைத்திருக்கும் இளைஞரும் உளர். துரு முதலில் குடியேறும் இடம் அந்த நிறமே, அதனை அமிலப் பசையிட்டோ தேய்த்தோ நீக்கவேண்டும் என்று அவர்களுக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டும். கேற்று இரும்பைத் தேய்த்த அதே கல்லால் தேய்ப்பதும் கூடாது. இரும்புத்தூள் பதிந்து அதுவே துருவுக்கு விதையாகும்.

நாகம் பூசிய குழாயைப் பற்றி ஒரு வார்த்தை. நாகம் 907 பாகையிலேயே ஆவியாகும்; பூச்சைத் தேய்த்து நீக்காமல் ஒட்டுபவர் அன்றிரவு காய்ச்சலோடு படுப்பார். பால் குடித்தால் போம் என்ற நம்பிக்கை தொழிலில் உலவுகிறது. சுவாசத்தில் புகுந்ததைப் பால் ஒன்றும் செய்யாது.

எங்கள் மூதாதையரான கொல்லருக்கு இத்தனை சாத்திரமும் எண்களும் தெரியுமா, கையை நம்பித்தானே வேலை செய்தார்கள் என்று ஓர் ஆட்சேபம் எழும். அவர்களே எனக்குச் சாட்சி. கத்திக்கு உடல் மெல்லிரும்பாகவும் வாய் உருக்காகவும் வைத்து, வெண்சூட்டில் மணல் தூவி அடித்து இணைத்த கொல்லர், அதே உலையில் பித்தளையை அவ்வாறு அடிக்கத் துணிந்ததில்லை. அதற்குப் பற்றாசு வைத்தார். சமனலவெவப் பக்கத்து மலைச்சரிவுகளில், பருவக்காற்றே துருத்தியாக, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே காபன் மிகுந்த உருக்கு உருக்கிய உலைகள் அகழ்ந்தெடுக்கப்பட்டிருக்கின்றன. இரும்பு வேறு, உருக்கு வேறு என்ற பேதம் இத்தீவில் புதிதாக இறக்குமதியானதன்று. பெரிய தொழிற்சாலைகளிலும் இதே வரிசைதான். திருச்சிராப்பள்ளியில் கொதிகலன் செய்யும் பாரத மிகுமின் நிறுவனத்தைப் போன்ற இடங்களில் பின்பற்றப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியியலாளர் சங்கத்தின் விதிநூல், ஒட்டும் முறைக்கு ஒரு பரீட்சையும் ஒட்டுபவரின் கைக்கு வேறொரு பரீட்சையும் வைக்கிறது. எந்த உலோகம், எந்தக் குச்சி, எவ்வளவு மின்னோட்டம், முன்சூடு எவ்வளவு, பின்சூடு எவ்வளவு என்ற குறிப்பு முதலில் எழுதப்பட்டு, சோதிக்கப்பட்டுத் தேறவேண்டும். அதன் பின்னரே கை சோதிக்கப்படும்.

‘இதெல்லாம் தொழிற்சாலைக்குச் சரி, ஒற்றை மெசினும் தகரக் கொட்டிலும் உள்ளவன் எங்கே போவான்?’ என்பது கடைசி ஆட்சேபம், எல்லாவற்றிலும் நியாயமானதும் அதுவே. என் விடை, அவர் புது மெசின் வாங்கவேண்டியதில்லை என்பது. இருக்கிற குச்சி மெசினோடு, 6013 ஒரு பெட்டி, உலர்வாகக் காத்த 7018 ஒரு பெட்டி, நிக்கல் குச்சி சில, வேறுவேறு உருக்குகளை இணைப்பதற்கு 309எல் சில, ஒரு காஸ் சுவாலை, வெண்கலக் கம்பி, ஒரு பீப்பாய் உமிச்சாம்பல் இருந்தால், கோமாரிக் கடைக்கு வரும் வேலையில் மிகப் பெரும்பகுதியை முறையாகச் செய்துவிடலாம். உலோகத்தை அறிவதற்கும் அரைக்கும் கல் போதும்: மெல்லுருக்கின் பொறி நீண்டு ஓடும், காபன் மிகுந்த உருக்கின் பொறி நட்சத்திரமாகக் கிளைத்து வெடிக்கும், வார்ப்பிரும்பின் பொறி குறுகிச் சிவந்து அடங்கும், அலுமினியம் பொறியே விடாது. குறைவாயிருப்பது பணமன்று; கேட்டறியும் வழக்கமே. அம்பாறை ஹார்டி நிறுவனம் முதலிய தொழிற்கல்விச் சாலைகள் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கையில், அந்த வழக்கத்தைக் கடைகளுக்குக் கொண்டு வருவது அசாத்தியமும் அன்று.

குற்றத்தில் பாதி நம்முடையது. மலிவான கூலியையும், உடனடி வேலையையும், எதற்கும் ‘முடியும்’ என்ற பதிலையும் கேட்டுக் கேட்டு, பாஸ்மாரை இந்த நிலைக்குக் கொண்டு வந்தவர் வாடிக்கையாளரே. ஆதலால் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: அடுத்த முறை முறிந்த சாமானொன்றைக் கடைக்குக் கொண்டு போகும்போது, ‘எவ்வளவு எடுப்பீர்கள்?’ என்பதற்கு முன்னே, ‘பாஸ், இது என்ன உலோகம், எந்தக் குச்சியை எடுக்கப்போகிறீர்கள்?’ என்று கேளுங்கள்; ‘இதை ஒட்டக்கூடாது, புதிது போடுங்கள்’ என்று அவர் சொன்னால், பார்த்துச் சொன்னதற்குரிய கூலியைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.